முடிவைச் சொல்லும் உரிமை

தமிழில் 'பிக் பாஸ்' 2017ஆம் ஆண்டு தொடங்கியது முதல் ஒரு புதுவகைத் துன்பம் வார இறுதிதோறும் நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. வார இறுதிப் பகுதிகள் முன்னதாகவே படமாக்கப்படுவதால், வெளியேற்றப்படுபவரின் பெயர் ஒளிபரப்புக்கு முன்பே கசிந்து, படத்தோடு செய்தித் தலைப்பாகிவிடுகிறது. நிகழ்ச்சியை விரும்பிப் பார்ப்பவர்கள் ஞாயிறு இரவு வரை கைபேசியைத் திறக்கவே தயங்குகிறார்கள். இவ்வாறு முடிவை முந்திச் சொல்லிவிடுவதை 'ஸ்பாய்லர்' என்கிறோம். இதற்கு ஈடான கலைச்சொல்லை நம் இலக்கண நூல்கள் வகுக்கவில்லை. வகுக்காமைக்குக் காரணம் உண்டு.

சிலப்பதிகாரத்தின் பதிகத்தை நினைவுகூர்வோம். வேங்கை மரத்தடியில் ஒரு முலை இழந்து நின்ற பெண்ணைக் கண்டதாகக் குன்றக் குறவர் வந்து இளங்கோவிடம் சொல்கின்றனர். அருகிலிருந்த சாத்தனார் அவள் கதையை முழுவதும் உரைக்கிறார். கோவலன் பொருளிழந்தது, சிலம்பு விற்க மதுரை சென்றது, பொற்கொல்லன் வஞ்சம், அரசன் தவறு, கண்ணகியின் சினம் எல்லாம் முதற் காதைக்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகின்றன. பதிகம் இளங்கோவே எழுதியதா என்னும் ஐயம் அறிஞரிடையே உண்டு. ஆயினும் அடியார்க்கு நல்லார் அதனை விலக்காமல் அதற்கும் உரை எழுதினார். நூலுக்குள்ளும் கனாத்திறம் உரைத்த காதையில் கண்ணகியின் கனவாக அதே முடிவு மீண்டும் குறிப்பாகச் சொல்லப்படுகிறது.

இத்தனைக்குப் பின்னும் கோவலன் சிலம்பை எடுத்துக்கொண்டு ஆயர் சேரியை விட்டுப் புறப்படும்போது நம் நெஞ்சு பதைக்கிறது. நமக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியவில்லை என்பதே அப்பதைப்பின் காரணம். முடிவு மறைக்கப்பட்டிருந்தால் அந்த இடத்தை வெறும் பயணமாகவே கடந்து போயிருப்போம்.

நூலின் பெயர், நுதலிய பொருள், பயன் ஆகியவற்றை முன்னரே அறிவிப்பது பாயிரத்தின் பணி என்பது நன்னூல் கற்றோர் அறிந்ததே. உ.வே. சாமிநாதையர் 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்தபோது கதைச்சுருக்கத்தையும் உரைநடையில் எழுதிச் சேர்த்தார். கதை தெரிந்தால்தான் காவியம் சுவைக்கும் என்பது அன்றைய நிலை.

ஏட்டுப் படிப்பு இல்லாதவர்களின் அரங்கிலும் இதே நிலைதான். நாசரேத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்க அமர்வோரில் கதை தெரியாதவர் அரிது. கதைத்தலைவன் மடியும் இடம் நெருங்கும்போது கூட்டம் அடங்கிப்போகும். சாமியாடுபவருக்கு அருள் வருவதும் உண்டு. தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் வள்ளி திருமணத்தையும் கோவலன் கதையையும் நாடகமாக்கினார். வள்ளி முருகனைத்தான் மணப்பாள் என்பதை அறியாமல் எவரும் அந்நாடகம் பார்க்க வந்திருக்க முடியாது. ஆயினும் விடிய விடிய அமர்ந்திருந்தார்கள்.

முடிவை ஒளித்துவைக்கும் வழக்கத்தை நம்மிடையே வளர்த்தது அச்சு வணிகம். ஜே.ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' 1908இல் வெளிவந்தது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் அவ்வழியில் பெருவாரியாக எழுதினர். துப்பறியும் கதையில் குற்றவாளியின் பெயரே சரக்கு. அதை முன்பே கொடுத்துவிட்டால் வாங்க ஒன்றும் மிஞ்சாது. வார இதழ்கள் 'தொடரும்' என்னும் சொல்லைக் கொண்டு வாசகரை அடுத்த வாரம் வரை நிறுத்திவைத்தன.

ஆனால் தொடர்கதையின் உச்சம் எனத் தக்க 'பொன்னியின் செல்வ'னில் (1950-54) விந்தையான ஒன்று நேர்ந்தது. அருள்மொழிவர்மன் இராஜராஜனாக முடிசூடுவான் என்பதும், ஆதித்த கரிகாலன் கொல்லப்படுவான் என்பதும் வரலாறு படித்தோர் அறிந்தவை. கொலையில் தொடர்புடையோர் பெயரை உடையார்குடிக் கல்வெட்டே தருகிறது. கல்கியோ கொன்றவர் இன்னார் என அறுதியிட்டுச் சொல்லாமலே கதையை முடித்தார். இருந்தும் வாசகர்கள் வாரந்தோறும் காத்திருந்தனர். ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின் 2022, 2023ஆம் ஆண்டுகளில் திரைப்படமாக வந்தபோது, கதை அறிந்தவர்களே முதலில் அரங்குக்குப் போனார்கள்.

திரையுலகம் இரண்டு வழக்கங்களையும் ஒரே தாளில் இணைத்தது. கொட்டகை வாசலில் சில அணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களில் பாடல்கள் முழுமையாக இருக்கும். கதைச்சுருக்கமோ சிக்கல் முற்றும் இடத்தில் அறுந்து, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடியும். எவ்வளவு சொல்வது, எங்கே நிறுத்துவது என்பதைப் படம் எடுத்தவரே தீர்மானித்தார்.

எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். 1954இல் வெளியிட்ட 'அந்த நாள்' படத்தில் பாடலே கிடையாது. தொடக்கத்திலேயே கதாநாயகன் சுடப்பட்டு இறக்கிறான். சுட்டவர் யார் என்பதே படம். அதை இங்கே எழுதப்போவதில்லை. எழுபது ஆண்டுகள் கடந்த படமாயினும், இன்றிரவு அதை முதன்முதலாகப் பார்க்கப்போகும் ஒருவர் இருக்கக்கூடும். லண்டனில் 1952 முதல் நடைபெறும் அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்டிராப்' நாடகத்தின் முடிவில், இரகசியத்தை வெளியே சொல்ல வேண்டாம் என்று பார்வையாளரைக் கேட்டுக்கொள்வது மரபாகவே நிலைத்துவிட்டது.

முடிவை முன்பே அறிந்தவர்கள் சிறுகதைகளைக் கூடுதலாகவே ரசித்தார்கள் என்று கலிபோர்னியாவில் 2011இல் வெளியான உளவியல் ஆய்வு ஒன்று கூறியது. பின்வந்த சில ஆய்வுகள் அதற்கு மாறாகவும் கண்டன. இந்த வழக்கை ஆய்வுக்கூடம் தீர்த்துவைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. சிலம்பையும் வில்லுப்பாட்டையும் சான்று காட்டி, 'முடிவு தெரிந்தால் என்ன குடிமுழுகிவிடும்?' என்று கேட்பவர்களும் உண்டு. மரபை அவர்கள் பாதிதான் படித்திருக்கிறார்கள்.

பதிகத்தில் முடிவை உரைப்பவர் அக்கதையை நமக்குத் தர வந்த புலவர். கொடையில் முடிவைப் பாடுபவர் வில்லின் முன் அமர்ந்திருக்கும் அண்ணாவி. பாட்டுப் புத்தகத்தில் பாதியில் நிறுத்தியவர் படத்துக்கு உரியவர். எல்லா இடத்திலும் முடிவைக் கொடுப்பதும் மறைப்பதும் கதைசொல்லியின் கையில் இருந்தன. கேட்பவர் அதை விரும்பி வந்து அமர்ந்தார். சாத்தனார் முடிவைச் சொன்ன பிறகு அதைத் துயரமாக மாற்றித் தர முப்பது காதைகள் காத்திருந்தன. தலைப்பில் பெயரை உடைப்பவரிடம் அந்தப் பெயரைத் தவிரத் தருவதற்கு வேறொன்றும் இல்லை. கேட்காதவர் காதிலும் அதைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

எனவே முடிவை அறிவது இழப்பா என்பதை ஒவ்வொரு கதையிடமும் தனித்தனியே கேட்க வேண்டும். அறியும் வேளையைத் தேர்ந்துகொள்ளும் உரிமையோ எப்போதும் கேட்பவருடையது. பந்தியில் அடுத்த இலைக்காரருக்கு இன்னும் பரிமாறாத பாயசத்தில் கைவைக்கக் கூடாது என்பதை நமக்கு எவரும் இலக்கணம் எழுதிக் கற்பிக்கவில்லை. கதைக்கும் அந்த அளவு மரியாதை போதும்.