பழுப்புத்தாள் காத்த ஆணிகள்

வல்லார்பாடத்தைச் சூழ்ந்த காயல் கடலோடு கலந்து உப்பேறியது. 2011-இல் அங்கே திறக்கப்பட்ட சரக்குப்பெட்டக முனையத்துக்கு வரும் எஃகுக் கப்பல்களின் சுழல்விசிறிகள் பெரும்பாலும் செம்புக் கலவையால் ஆனவை. உப்புநீரில் இரு வேறு உலோகங்கள் இணைந்திருந்தால், ஒன்று அரிபட்டு மற்றொன்றைக் காக்கும். இந்த உண்மையைக் கடற்படைகள் இழப்பின் வழியாகவே கற்றன.

1761-இல் பிரித்தானியக் கடற்படை, கப்பற்புழுவைத் தடுக்க 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் மர அடிப்பகுதிக்குச் செப்புத்தகடு வேய்ந்தது. 1763-இல் ஆய்ந்தபோது இரும்பு ஆணிகள் பல அரிந்து உதிர்ந்திருந்தன. செம்புக்கும் இரும்புக்கும் நடுவே பழுப்புத்தாள் எஞ்சிய இடங்களில் மட்டும் ஆணிகள் தப்பின. மின்கலமே பிறவாத காலம் அது, காரணம் விளங்கவில்லை.

1824-இல் ஹம்ப்ரி டேவி அதே வினையைக் காவலாக்கினார். இரும்பையும் துத்தநாகத்தையும் பலியிட்டுச் செம்பைக் காத்தார். ஆனால், கரையாத செம்பின்மேல் கடலுயிர்கள் அடர்ந்து ஒட்டின. கப்பல்களின் வேகம் குறைந்தது.

உலோகங்கள் சேரும் மயிரிழை இடுக்கில் கேடு இன்னும் நுட்பமானது. அங்கே ஆக்சிஜன் தீர்கிறது, கரைந்த உலோக அயனிகளால் அமிலம் பிறக்கிறது, குளோரைடு உள்ளே ஈர்க்கப்படுகிறது, காப்புப்படலம் உடைகிறது. துருப்பிடிக்கா எஃகில் நிகழும் இப்படிநிலைகளை 1978-இல் ஓல்டுஃபீல்டும் சட்டனும் கணித மாதிரியாக்கினர். இன்றைய கணினி, பரப்பெங்கும் மின்னழுத்தம் பரவுவதையும் கணித்துவிடும்.

எனினும் இடுக்கின் அகலத்தையும் ஆழத்தையும் மனிதரே அளந்து தர வேண்டும். காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபம் கடற்கரையிலும் அரிப்பை ஆராய்வது இதனாலேயே. தாள் இருந்த இடம் எது, இல்லாத இடம் எது என்று அறியாத கணக்கு, ஆணியைக் காக்காது.