ஆட்டோமொபைல் லேப் சேஸிஸின் வம்ச வரலாறு

"மலருக்கு ஒரு கட்டுரை வேணும், ஃபாரின் அனுபவம் ஏதாவது எழுதிக் கொடுப்பா" என்று மலர்க் குழுவில் இருக்கும் என் வகுப்புத் தோழன் கேட்டான். சரி என்று உட்கார்ந்தேன். ஆனால் கட்டுரை இங்கிலாந்தில் தொடங்கி, நம்ம ஆட்டோமொபைல் லேப் வாசலில் வந்து நின்றுவிட்டது. குழுவினர் பொறுத்தருள வேண்டும்.

லேபில் ஜன்னலோரமாக ஒரு சேஸிஸ் நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? பாடி கிடையாது. சிவப்புப் பெயின்ட் அடித்த பிரேம், ஒரு எஞ்சின், நான்கு சக்கரம், தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஸ்டீயரிங். டிஃபரென்ஷியல் எப்படிச் சுழல்கிறது என்று நம்மில் பல பேட்ச் மாணவர்கள் அதில்தான் பார்த்தோம். வைவாவில் "இது என்ன வண்டிடா?" என்று கேட்டால் பாதிப் பேர் அம்பாசடர் என்று உளறுவார்கள். அது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். சென்னையை அடுத்த வண்டலூரில் செய்த கார்.

அப்போது எங்களுக்கு ஒரு லேப் இன்ஸ்ட்ரக்டர் சார் இருந்தார். சனிக்கிழமைதோறும் ஆயில் கேனை எடுத்துக்கொண்டு வந்து, முன்சக்கரத்துக்குக் கீழே இருக்கும் பித்தளைத் துண்டில் நாலு சொட்டு விடுவார். ஓடாத வண்டிக்கு எதற்கு சார் ஆயில் என்று நான் சிரித்திருக்கிறேன். "கிரீஸ் அடிச்சுட்டா ஒரேயடியா வேலை முடிஞ்சிடுமே சார்" என்றும் ஒரு தரம் சொன்னேன். "தம்பி, இதுக்கு ஆயில்தான். கிரீஸ் உள்ளே போகாது. தெரியலேன்னா சும்மா இரு" என்றார். சும்மா இருந்துவிட்டேன்.

2016-ல் வேலை நிமித்தமாகக் கோவென்ட்ரிக்குப் போனேன். வீட்டோடு ஒரு சிறிய கராஜும் அமைந்தது. 2019-ல், வீட்டில் யாரும் சம்மதிக்காத நிலையில், 1969-ஆம் வருஷத்து ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 ஒன்றை வாங்கினேன். இரண்டு பேர் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். வாங்கும்போது அதை டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுவர முடிந்தது. இதன் பானெட்டைத் திறந்தால் மட்கார்டு, ஹெட்லைட் உள்பட முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக முன்னால் சாய்ந்துவிடும். முன் டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சினைப் பார்க்கலாம். அப்படி உட்கார்ந்து கீழே குனிந்தவன்தான், அதே விஷ்போன், அதே ஸ்டீயரிங் ரேக், அதே பித்தளைத் துண்டு. நம்ம லேபுக்குள் வந்துவிட்டோமா என்று இருந்தது.

காரணத்தைத் தேடிப் படித்தபோது தெரிந்த கதை இது.

கோவென்ட்ரியில் 1903-ல் தொடங்கிய கம்பெனி ஸ்டாண்டர்ட். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் ட்ரயம்ப் கம்பெனியை அது வாங்கியது. 1953-ல் ஸ்டாண்டர்ட் எய்ட் என்ற சிறிய காருக்காக 803 சி.சி. எஞ்சின் ஒன்று செய்தார்கள். அதே வருஷம்தான் இடி விழுந்தது. அவர்களுக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. அடுத்த காருக்கு பாடி கிடையாது என்ற நிலை. அந்தக் காலத்திலேயே மற்றவர்கள் சேஸிஸையும் பாடியையும் ஒன்றாக்கி, மோனோகாக் முறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதற்குப் பெரிய பிரஸ் வேண்டும். இவர்களிடம் இல்லை. எனவே என்ஜினியர் ஹாரி வெப்ஸ்டரும் அவருடைய ஆட்களும் பழைய வழிக்கே திரும்பினார்கள். தனி சேஸிஸ், அதன்மேல் பல சிறிய ஆலைகளில் செய்து வாங்கிய பாடித் துண்டுகளை போல்ட் போட்டு மாட்டுவது. உருவம் வரைந்து கொடுத்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜியோவானி மிக்கலோட்டி. 1959 ஏப்ரலில் வெளிவந்த ட்ரயம்ப் ஹெரால்ட் இப்படித்தான் பிறந்தது.

கையில் பிரஸ் இல்லாத குறையால் வந்த டிசைன். ஆனால் அந்தக் குறைதான் இரண்டு காரியம் செய்தது. துண்டு துண்டாகக் கப்பலில் ஏற்றி வேறு ஊரில் பூட்டுவதற்குத் தோதாக இருந்ததால் ஹெரால்ட் சென்னைக்கு வந்தது. அறுபது வருஷம் கழித்து, ஒரு சாதாரண ஆசாமி வீட்டு கராஜில் ஒற்றை ஆளாக அதைப் பிரித்துப் பூட்டவும் முடிகிறது. மோனோகாக் காரில் கீழ்ப்பக்கம் துருப்பிடித்தால் வண்டியே போச்சு. இதில் சேஸிஸ் என்று ஒன்று தனியாக மிஞ்சும்.

ஸ்பிட்ஃபயர் அந்த ஹெரால்டின் தம்பி. 91.5 அங்குல வீல்பேஸை 83 அங்குலமாகக் குறைத்து, நடுவில் முதுகெலும்பு போன்ற ஒரு பிரேம் வைத்து, மிக்கலோட்டியே மேல் பாடியை வரைந்தார். மாதிரி வண்டியும் தயாரானது. அதற்குள் கம்பெனியில் பணம் தீர்ந்துவிட்டதால், துணியைப் போட்டு மூடி ஆலையின் ஒரு மூலையில் தள்ளிவிட்டார்கள். 1961-ல் லேலண்ட் கம்பெனி ஸ்டாண்டர்ட்-ட்ரயம்பை எடுத்துக்கொண்டது. சொத்தைச் சுற்றிப் பார்க்க வந்த லேலண்ட் அதிகாரி ஸ்டான்லி மார்க்லண்ட் அந்தத் துணியைத் தூக்கிப் பார்த்தார். 1962 அக்டோபரில் லண்டன் மோட்டார் ஷோவில் ஸ்பிட்ஃபயர் நின்றது. 1147 சி.சி., 63 குதிரைச் சக்தி. 1980 ஆகஸ்டில் நிறுத்தும்வரை மூன்று லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அந்த அதிகாரி அன்று துணியைத் தூக்கவில்லையென்றால் என் கராஜில் வாஷிங் மெஷின் மட்டும்தான் இருந்திருக்கும் என்பது என் மனைவியின் கணக்கு.

வேலைக்கு வருகிறேன். ஹெரால்டில் பாடியைத் தாங்க சேஸிஸின் இரு பக்கமும் கைகள் நீளும். நம்ம லேப் சேஸிஸில் கால் இடித்துக்கொண்டவர்களுக்கு அவை நன்றாகத் தெரியும். ஸ்பிட்ஃபயரில் அந்தக் கைகள் இல்லை. கதவுக்குக் கீழே ஓடும் சில் என்ற தகரப் பெட்டிதான் பாரத்தைச் சுமக்கிறது. துரு முதலில் வருவதும் அங்கேதான். இது தெரியாமல் நான் ஒரு பக்கத்துச் சில்லை கிரைண்டரால் அறுத்து எடுத்துவிட்டேன். மறுநாள் கதவு சாத்த மறுத்தது. பாடி நடுவில் தொய்ந்துவிட்டது. கதவு வாசலில் குறுக்குச் சட்டம் வெல்டு பண்ணி, இடைவெளியை அளந்து வைத்துக்கொண்ட பிறகே கை வைத்திருக்க வேண்டும். ஜாக்கி கொடுத்து மெள்ள மெள்ளத் தூக்கி, கதவு சரியாக உட்காரும் இடத்துக்குக் கொண்டுவர மூன்று மாதச் சனிக்கிழமைகள் போயின. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் எனக்கு 81 மார்க் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

எஞ்சினில் பெரிய செலவு வைக்கவில்லை. மனைவியை கிளட்சை மிதிக்கச் சொல்லி, முன்னால் புல்லி எவ்வளவு நகர்கிறது என்று டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். இந்த எஞ்சின் குடும்பத்தில் கிராங்க்கின் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்து கழன்று விழுவது பிரசித்தம். என்னுடையது தேய்ந்திருந்தது, விழவில்லை. மாற்றினேன். 1953-ன் அந்த 803 சி.சி.தான் 948, 1147, 1296, 1493 என்று வளர்ந்துகொண்டே போனது. நம்ம லேபில் இருப்பது 948. என் வண்டியில் 1296.

பித்தளைத் துண்டுக்கு வருவோம். அதன் பெயர் ட்ரனியன். முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை இருக்கும். அது இந்த ட்ரனியனுக்குள் திருகி நிற்கும். நாம் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் திரும்புகிறது. ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை. கியர் ஆயில் விட்டால் மரை வழியே இறங்கி எல்லா இடமும் நனையும். கிரீஸ் மேலேயே கெட்டியாகி நின்றுவிடும். உள்ளே தண்ணீர் புகுந்து எஃகு அரித்து, ஒருநாள் முறிந்து சக்கரம் மடங்கும். எனக்கு முன்னால் வண்டி வைத்திருந்தவர் கிரீஸ் ஆசாமி. கழற்றிப் பார்த்தபோது தண்டின் மரை கரையான் தின்ற மரம் மாதிரி இருந்தது. இன்னும் எத்தனை திருப்பம் தாங்கியிருக்குமோ. கையில் அதை வைத்துக்கொண்டு சார் சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இதே முன்பக்க அமைப்பின் மதிப்பை லோட்டஸ் கம்பெனியின் காலின் சாப்மன் அப்போதே உணர்ந்தவர். லோட்டஸ் எலான் காரில் போட்டதும் ஹெரால்ட் குடும்பத்து முன்பக்கச் சாமான்கள்தான்.

பின்பக்கம் வேறு கதை. குறுக்கே ஒரு லீஃப் ஸ்பிரிங், இரு பக்கமும் ஊஞ்சல் மாதிரி ஆடும் ஆக்சில். செலவு குறைவு. ஆனால் வேகமாக வளைவில் திரும்பி, சட்டென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், வண்டியின் பின்புறம் எழும்பி வெளிச்சக்கரம் உள்ளே மடியப் பார்க்கும். கோவென்ட்ரிக்காரர்கள் 1970-ல் ஸ்பிட்ஃபயர் மார்க் 4-ல் இதற்கு ஒரு வழி கண்டார்கள்: ஸ்பிரிங்கின் பட்டைகளில் பெரும்பாலானவற்றை நடுவில் இறுக்காமல் ஊசலாட விட்டார்கள். சாமர்த்தியமான வேலை. வண்டலூர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? நம் ஊர் வாடிக்கையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அந்த ஊஞ்சல் ஆக்சிலே பிடிக்கவில்லை. 1972-ல் ஸ்டாண்டர்ட் கெஸல் வந்தபோது அதைத் தூக்கிவிட்டு நேர் ஆக்சிலைப் போட்டார்கள். புத்தகங்கள் இதைப் பின்னடைவு மாதிரி எழுதுகின்றன. எனக்கு உடன்பாடில்லை. மாட்டு வண்டித் தடத்தில் நான்கு பேரும் மூட்டை முடிச்சும் ஏற்றிப் போகும் வண்டிக்கு அதுதான் சரியான விடை. கோவென்ட்ரியில் ஹெரால்டுக்கு நான்கு கதவு வைக்கவே இல்லை. 1960-களின் பிற்பாதியில் அதை வைத்தவர்கள் சென்னைக்காரர்கள். நகல் எடுத்தவர்கள் என்று மட்டும் அவர்களைச் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை.

இன்னொன்று. இங்கிலாந்தில் "ஸ்டாண்டர்ட்" என்றால் எந்த வசதியும் இல்லாத மலிவு மாடல் என்ற அர்த்தம் வந்துவிட்டது. 1963-ல் அந்தப் பெயரையே அங்கே கைவிட்டார்கள். நம் ஊரில் "ஆள் ஸ்டாண்டர்டானவர்" என்றால் பாராட்டு. பிறந்த ஊரில் செத்த பெயர், வண்டலூர்க் கார்களில் 1988 வரை இருந்தது. கெஸல் 1977-ல் நின்றது. பிறகு 1985-ல் வந்த ஸ்டாண்டர்ட் 2000 மூன்றே வருஷம்.

என் ஸ்பிட்ஃபயர் 2023 மே மாதம் ஓடியது. முதல் ஓட்டம், கான்லியில் பழைய ஆலை இருந்த பக்கமாக. பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. திரும்பிவிட்டேன்.

சென்ற டிசம்பரில் ஊருக்கு வந்தபோது லேபுக்குப் போனேன். புதிய கட்டடத்தில் இடமில்லை என்று நம்ம சேஸிஸை ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால், வேப்ப மரத்தடியில் விட்டிருந்தார்கள். எடைக்குப் போடும் பட்டியலில் பெயர் இருந்தது. பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு கீழே புகுந்து பார்த்தேன். பக்கத்துக் கைகள் இரண்டு துருவில் போய்விட்டன. எஞ்சின் இறுகிக் கிடக்கிறது. டிஃபரென்ஷியல் சுற்றுகிறது. ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திருப்பினேன். இரண்டு முன்சக்கரமும் சத்தமில்லாமல் திரும்பின. இடது பக்க ட்ரனியனை மட்டும் கழற்றினேன். உள்ளே மரை புதுசு போலப் பளபளவென்று இருந்தது. சார் ரிடையர் ஆகிப் பல வருஷம் ஆகிறது.

முதல்வரிடம் பேசினேன். நமது சங்கம் பொறுப்பேற்றால் சந்திப்பு நாள்வரை பட்டியலில் இருந்து எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். சாருக்கும் போன் செய்தேன், வருகிறேன் என்றார். சந்திப்பின் இரண்டாம் நாள் காலை, டிபனுக்குப் பிறகு, மரத்தடியில் முதல் போல்ட்டைக் கழற்றலாம். இப்போது படிக்கும் தம்பி தங்கைகளும் வரலாம், லேப் கோட் தேவையில்லை. ஸ்பேனர் கொண்டுவருபவர்கள் ஏ.எஃப். அளவு கொண்டுவரவும்: 7/16, 1/2, 9/16. பாதி அங்குல நட்டில் 13 மில்லிமீட்டரைப் போட்டு முனையை மழுங்கடித்துவிட வேண்டாம்.