தார்ச்சாலையில் தகைவு, திரிபு அளவீடு

சக்கரச் சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்கும்போது தார்ச்சாலை அடுக்குகளில் எழும் தகைவையும் (பரப்பலகின் மீதான விசை) திரிபையும் (நீளம் மாறும் விகிதம்) கருவி பதித்து அறியும் முறை. தார்க்கலவை விரிக்கும்போதே அடுக்கின் அடியில் திரிபுமானியும் மண்தளத்தின் மேல் அழுத்தக்கலமும் வைப்பார்கள். கொதிக்கும் கலவையையும் ரோடு ரோலரையும் தாங்காமல் சில மானிகள் அன்றே செத்துப்போகும். தப்பியவை, பத்து லட்சத்தில் ஒரு பங்கான நுண்திரிபில் கணக்குச் சொல்லும். சக்கரம் நெருங்கும்போது அடிப்பரப்பு லேசாக அமுங்குகிறது. நேர் மேலே வந்ததும் வெடுக்கென இழுபடுகிறது. இந்த இழுவை லட்சக்கணக்கில் சேர்ந்தால் அடியிலிருந்து வெடிப்பு கிளம்பும்.

எடுத்துக்காட்டாக, திருவண்ணாமலையின் 14 கி.மீ. கிரிவலப் பாதையைப் பௌர்ணமிக் கூட்டத்தின் கால்கள் ஒன்றும் செய்வதில்லை. ஊர்வழியே செல்லும் கிருஷ்ணகிரி–திண்டிவனம் நெடுஞ்சாலையின் லாரிகளும் சிறப்புப் பேருந்துகளும்தான் தாரைச் சோதிப்பவை. அச்சுச்சுமை இரட்டித்தால் சேதம் சுமார் 16 மடங்கு என்பது 1958–60இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த சாலைச் சோதனை தந்த தோராய விதி. வெயிலில் இளகிய தார்மேல் ஊர்ந்து செல்லும் பேருந்து, விரைந்தோடும் பேருந்தைவிட அதிகத் திரிபை உண்டாக்கும்.

இந்திய சாலைப் பேராயத்தின் ஐ.ஆர்.சி. 37 நெறிமுறை 80 கிலோநியூட்டன் அச்சுச்சுமையை அலகாகக் கொள்கிறது. சக்கரத்தடம் 20 மி.மீ. பள்ளமானால் சாலை தோற்றதாகக் கருதுகிறது.