கூண்டு ஏற்றும் கடமை: வடசென்னைக் காற்றும் காலநிலை விழிப்புணர்வும்

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவானால் சென்னைத் துறைமுகத்திலும் எண்ணூர்த் துறைமுகத்திலும் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறுகிறது. ஒன்றாம் எண் தொலைவில் உள்ள புயலைச் சொல்கிறது. பத்தாம் எண் பேரபாயத்தைச் சொல்கிறது. பதினோராம் எண், வானிலை மையத்தோடு தொடர்பே அற்றுவிட்டது என்கிறது. மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் இந்த எண்களுக்கு எவரும் உரை எழுத வேண்டியதில்லை. 1864ஆம் ஆண்டுப் பெரும்புயல் கல்கத்தாவைச் சிதைத்ததை அடுத்து, 1865இல் அந்தத் துறைமுகத்தில் எச்சரிக்கை முறை தொடங்கியது. இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்தது அதன் பிறகு, 1875இல்தான். காற்றழுத்தத்தின் இயற்பியல் அறியாதவர்களும் இந்த முறையை ஏற்றுப் பழகியதற்குக் காரணம் அதன் அமைப்பில் இருக்கிறது. கூண்டு குறிப்பிட்ட துறைமுகத்துக்கு, குறிப்பிட்ட நாளுக்கு உரியது. அதை ஏற்றுவது அதிகாரியின் விருப்பம் அன்று, கடமை. வளிமண்டலத்தைப் பற்றியும் காலநிலை மாற்றத்தைப் பற்றியும் வடசென்னையில் பொது விழிப்புணர்வை வளர்க்க விரும்புவோர் பின்பற்ற வேண்டிய முன்மாதிரி இதுவே என்பதும், அறிவுரையை விட அளவீட்டைப் பொதுவில் வைப்பதே விழிப்புணர்வின் முதல் வேலை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

நடைமுறையில் உள்ள விழிப்புணர்வுத் திட்டங்கள் வேறோர் அனுமானத்தில் நிற்கின்றன. மக்களுக்குத் தெரியவில்லை, தெரிவித்துவிட்டால் மாறுவார்கள் என்பது அது. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் திரையரங்குகளில் சுற்றுச்சூழல் செய்திகளைக் காட்டவும், பள்ளி கல்லூரிகளில் அதைப் பாடமாக்கவும் ஆணையிட்டது. 2015ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தத்தின் 12ஆம் பிரிவு கல்வியையும் பொது விழிப்புணர்வையும் நாடுகளின் பொறுப்பாக்குகிறது. இரண்டும் தேவையானவையே. ஆனால் யேல் பல்கலைக்கழகமும் சி-வோட்டரும் இந்தியா முழுவதும் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வு அந்த அனுமானத்தை அசைக்கிறது. புவி வெப்பமாதல் பற்றிக் கொஞ்சமே தெரியும், அல்லது கேள்விப்பட்டதே இல்லை என்று சொன்னோர் 54 விழுக்காட்டினர். அது என்னவென்று சுருக்கமாக விளக்கிய பிறகு, அது நிகழ்கிறது என ஒப்புக்கொண்டோர் 84 விழுக்காட்டினர். விளக்கமே விடையின் பக்கம் அவர்களைச் சற்றுச் சாய்த்திருக்கலாம். அப்படியே கொண்டாலும், இல்லாதிருந்தது பெயரே தவிர அனுபவம் அன்று என்னும் முடிவு வலுவாகவே நிற்கிறது.

எண்ணூரில் அந்த அனுபவத்துக்குக் குறைவில்லை. ஒடிசாவின் தால்ச்சர் சுரங்கங்களில் வெட்டிய நிலக்கரி பாராதீப் துறைமுகம் வழியாகக் கப்பலில் எண்ணூருக்கு வந்து சேர்கிறது. பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டாலும், வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரு கட்டங்கள் 1,830 மெகாவாட், வல்லூர் 1,500 மெகாவாட், 2024இல் திறந்த மூன்றாம் கட்டம் 800 மெகாவாட் எனத் திறன் பெருகியே இருக்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு என்று கொண்டால், இவை அனைத்தும் முழுத் திறனில் ஓடும் ஒரு மணி நேரத்தில் 4,000 டன்னை ஒட்டிய கரியமில வாயு வானில் ஏறுகிறது. இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் சாம்பல். அது செப்பாக்கத்தை ஒட்டிய சாம்பல் குளத்திலும், குழாய்க் கசிவுகளால் கொசஸ்தலையாற்றுப் படுகையிலும் படிந்திருக்கிறது. இங்கே காற்றுக்கும் ஒரு கால ஒழுங்கு உண்டு. இரவில் கரைக்காற்று புகையைக் கடலுக்குத் தள்ளுகிறது. பகலில் கடற்காற்று எழும்போது, உயரத்தில் நீண்டு மிதந்து வரும் புகைத்திரள் வெயிலில் சூடேறிய தரையின் மேல் கலங்கும் காற்றைத் தொட்டதும் கீழே இறங்குகிறது. குறிப்பிட்ட ஒரு மணி நேரத்தில் குறிப்பிட்ட தெருவில் நெஞ்சு எரிவதற்கு இது காரணமாகலாம். ஆனால் காற்றுத் தரக் குறியீடு நுண்துகளையும் கந்தக டை ஆக்சைடையும் 24 மணி நேரச் சராசரியாகவே கணக்கிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் கந்தக டை ஆக்சைடுக்குப் பத்து நிமிட வரம்பு ஒன்றையும் வைத்திருக்கிறது. இந்தியாவின் 2009ஆம் ஆண்டுத் தரநிலையில் அப்படி ஒன்று இல்லை. ஆகவே மூச்சு முட்டிய மணி நேரம் சராசரியில் கரைந்துவிடுகிறது. தம் உடல் சொன்னதை அரசின் எண் மறுக்கும்போது மக்கள் எண்ணைத்தான் சந்தேகிப்பார்கள். அதை அறியாமை என்பது பெரும் பிழை.

இதற்கு ஒரு கனமான மறுப்பு உண்டு. சாம்பலும் கந்தகமும் உள்ளூர் மாசு. காலநிலை மாற்றம் உலகளாவிய வேதியியல். இரண்டையும் குழப்பக் கூடாது என்பார்கள். உண்மைதான். கரியமில வாயுவுக்கு மணமோ நிறமோ இல்லை. 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் பத்து லட்சத்துக்கு 315 பங்காக அளக்கப்பட்டது, 2024இல் 424ஐத் தாண்டியதை எந்த மூக்கும் உணர்ந்ததில்லை. இன்னும் சொன்னால், கந்தகத் துகள்கள் வெயிலைத் திருப்பி அனுப்பிப் புவியைச் சிறிது குளிர்விக்கின்றன. கந்தகத்தை மட்டும் வடிகட்டினால் நுரையீரலுக்கு நன்மை, வெப்பநிலைக்கு அன்று. கரை அரிப்பிலும் இதே எச்சரிக்கை வேண்டும். இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கரை கரைந்ததற்கு முதற்காரணம் கடல்மட்ட உயர்வு அன்று. 1870களில் தொடங்கிய சென்னைத் துறைமுகக் கட்டுமானம் வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்து, தெற்கே மெரினாவை அகலமாக்கியது. வடக்கே குப்பங்களைக் கடலுக்குக் கொடுத்தது. கருங்கல் சுவர்களும் தூண்டில் வளைவுகளும் அதன் பின்விளைவு. எல்லாவற்றையும் காலநிலையின் தலையில் சுமத்தும் பிரசாரம் பொறுப்புள்ளவர்களைத் தப்பவிடுகிறது. மக்களின் நினைவோடு மோதித் தன் நம்பகத்தையும் இழக்கிறது. ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை முறிக்கவில்லை, செம்மையாக்குகிறது. நெஞ்சை அரிக்கும் வாயுவும் வானைச் சூடேற்றும் வாயுவும் ஒரே நிலக்கரியிலிருந்து, ஒரே புகைபோக்கி வழியே வருகின்றன. முன்னதன் எண்ணைப் படிக்கப் பழகியவர் பின்னதன் எண்ணையும் கேட்பார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெயைப் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்குக் கொண்டுவந்தது. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் காற்று சுமக்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும் என்னும் இயற்பியல், வலைகளில் அப்பிய அந்த எண்ணெயோடு சேர்த்துச் சொல்லப்பட்டால் அந்நியமாக இராது.

எண்களை வெளியிட்டால் பீதி பரவும், பாமரருக்குப் புரியாது என்பது மற்றொரு மறுப்பு. நூற்றாண்டுக்கு மேலாக மீனவர்கள் கூண்டு எண்ணைப் பார்த்துப் படகைக் கரையேற்றி வருகிறார்கள் என்பதே இதற்குப் போதுமான விடை. பீதி, செய்தி இல்லாத இடத்தில்தான் பிறக்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடி அம்மோனியாக் குழாய் கசிந்தபோது, பெரியகுப்பம் மக்கள் நெடி தாங்காமல் வீடுகளை விட்டு ஓடினார்கள். செய்தி எந்த மொழியில் வருகிறது என்பதும் இந்தச் சிக்கலில் சேர்ந்தது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் 2020ஆம் ஆண்டு வரைவை எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் வெளியிடுமாறு தில்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டபோது, ஒன்றிய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது. ஒரு மக்களின் காற்றைப் பற்றிய ஆவணம் அவர்கள் மொழியில் இருக்க வேண்டும் என்பதற்கே வழக்காட வேண்டியிருக்கிறது.

மின்சாரம் மாநிலத்துக்கெல்லாம் வேண்டுமே என்பாரும் உண்டு. வேண்டும். அதனால்தான் அதன் சுமை எங்கே விழுகிறது என்பது தென்சென்னைக்கும் தெரிய வேண்டும். பிளாஸ்டிக் பைக்கு மாற்றாகத் துணிப்பையை முன்வைத்து 2021இல் தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வீட்டாரின் பழக்கத்தை மாற்றப் பார்க்கிறது, நல்ல முயற்சி. ஆனால் பை மாற்றுபவரிடம் மட்டும் பேசிப் புகைபோக்கியிடம் பேசாத விழிப்புணர்வு பாதி வேலைதான். அறிவு பொதுவில் வந்தால் செயலும் வரும் என்பதற்கு இராயபுரமே சான்று. அதை ஒட்டிய சென்னைத் துறைமுகத்தின் நிலக்கரித் தூசு வழக்காகி, உயர் நீதிமன்ற ஆணையால் 2011இல் அங்கே நிலக்கரி கையாள்வது நின்றது. அந்தச் சரக்கு எண்ணூருக்கு நகர்ந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: ஒரு பேட்டையோடு முடியும் விழிப்புணர்வு தூசியை அடுத்த பேட்டைக்கு அனுப்புகிறது.

புயற்கூண்டு உவமை பொருந்தாத இடமும் ஒன்று உண்டு. கூண்டை ஏற்றுபவர் புயலை உண்டாக்குபவர் அல்லர். காற்று மாசில் அளப்பவரும் உமிழ்பவரும் ஒருவராகவே இருக்கக்கூடும். பெருந்தொழிற்சாலைகளின் புகைபோக்கிகளில் தொடர் அளவிக் கருவிகளைப் பொருத்துமாறு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் பணித்தது. அந்த அளவுகள் வாரியங்களுக்குச் செல்கின்றன. அவை மணிக்கு மணி தெருவுக்கும் வர வேண்டும், வாரியமல்லாத ஒருவரின் சரிபார்ப்போடு. இது புதிய கோரிக்கையும் அன்று. அபாயகரக் கழிவு வழக்கில் 2003ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம், ஆலைகள் தம் காற்று, நீர் உமிழ்வு அளவுகளை வாயிலுக்கு வெளியே பலகையில் காட்ட வேண்டும் என்று ஆணையிட்டிருக்கிறது. எண்ணூரிலும் மணலியிலும் அந்தப் பலகைகள் ஒவ்வோர் ஆலை வாயிலிலும், தமிழில், கடந்த ஒரு மணி நேரத்தின் எண்ணோடு நிற்க வேண்டும். அவற்றை நிறுத்தச் செய்வது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடமை.