காலிக் கல்வெட்டும் நாகரிகப் பாடமும்

மலேசியாவில் முதலாம் படிவ மாணவர் வரலாற்றுப் பாடத்தில் மெசொப்பொத்தேமியா, எகிப்து, சிந்துவெளி, மஞ்சளாறு ஆகிய தொல்நாகரிகங்களைக் கற்கின்றனர். ஆற்றங்கரை, நகரம், எழுத்து, சமயம், ஆட்சிமுறை என்று ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஒரே தலைப்புகள் அமைகின்றன. தேர்வுக்கு இவ்வமைப்பு வசதியானதுதான். ஆயினும், நாகரிகங்கள் தனித்தனியே வேலியிட்ட தோட்டங்கள் என்னும் எண்ணம் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே மாணவர் மனத்தில் ஊன்றிவிடுகிறது. அதனைக் களைய நீண்ட விரிவுரை உதவாது. பல நாகரிகங்கள் சந்தித்த ஒரு சான்றை வகுப்பில் வைத்து, ஒரு பாடவேளை முழுவதும் அதனையே ஆராய்வது நன்று. அதற்கு நான் பரிந்துரைப்பது இலங்கையின் காலி நகரில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு.

1911ஆம் ஆண்டு பொறியாளர் ஒருவர் கண்டெடுத்தபோது அக்கல் ஒரு வடிகாலின் மூடுகல்லாகக் கிடந்தது. இன்று அது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. மிங் பேரரசர் யொங்லேயின் ஆட்சியில் 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டுப் பொறிக்கப்பட்டு, கடற்படைத் தலைவர் செங் ஹோவின் கப்பல்களில் இலங்கைக்கு வந்த கல் அது. செங் ஹோ மலாக்காவுக்கும் வந்தவராதலின் அவர் பெயர் நம் மாணவர்க்குப் புதிதன்று.

கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் உள்ளன. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி திருமாலின் வடிவமாகிய தேனவரை நாயனாரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்தது. சீனப் பகுதியிலும் தமிழ்ப் பகுதியிலும் பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம் எனக் காணிக்கை ஒத்திருக்கிறது. தமிழ்ப் பகுதியில் அதன் அளவு கழஞ்சு. மொழிபெயர்த்தவர் சொற்களை மட்டுமன்றி எடையளவையும் தமிழ் வணிகர் அறிந்ததாக மாற்றியிருக்கிறார். மொழியியல் பயின்றவனுக்கு இக்கல்லில் மிகவும் சுவையான இடம் இதுவே.

வகுப்பை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பகுதியின் மொழிபெயர்ப்பை மட்டும் தருக. 'இக்கல் யாருக்காக நாட்டப்பட்டது?' என்று வினவுக. மூன்று குழுக்களும் மூன்று விடைகளைக் கூறும். பின்னர் தாள்களை மாற்றிக்கொள்ளச் செய்தால், தம் விடை தவறன்று, ஆயின் முழுமையுமன்று என்பதை மாணவர் தாமே காண்பர்.

அடுத்து எழவேண்டிய வினா, இலங்கையில் நாட்டிய கல்லில் சிங்களம் ஏன் இல்லை என்பது. கல்லின் பேச்சு அரசவையைக் காட்டிலும் துறைமுகத்தை நோக்கியது என்பதே பொருந்தும் விளக்கமாகத் தோன்றுகிறது. இந்துமாக்கடல் வணிகத்தில் தமிழுக்கும் பாரசீகத்துக்கும் இடம் இருந்தது. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருப்பதையும் இங்கே காட்டலாம்.

இவ்விடத்தில் தமிழாசிரியர்கள் சற்றே விழிப்பாக இருத்தல் வேண்டும். தமிழின் பெருமையைச் சொல்லிப் பாடத்தை முடித்துவிடும் ஆசை நமக்கு இயல்பு. சமய நல்லிணக்கத்துக்குச் சான்று என்று முடிப்பதும் எளிது. ஆனால் அதே கப்பற்படை இலங்கை ஆட்சியாளர் ஒருவருடன் போரிட்டு, அவரைச் சிறைப்பிடித்து, 1411இல் சீனத்துக்குக் கொண்டு சென்றது. காணிக்கை தந்த கையே வாளும் ஏந்தியது. இதை மறைத்து நடத்தும் பாடம் வரலாறு ஆகாது. இரண்டையும் அருகருகே வைத்து, பேரரசர் மூன்று சமயத்தாரையும் மகிழ்விக்க விரும்பியது ஏன் என்று மாணவரைச் சிந்திக்கவிடலாம். பக்தி, வணிகம், அதிகாரம் என்று அவர்கள் எதைச் சொன்னாலும், கல்லில் எந்தச் சொல் அதற்கு ஆதாரம் என்று கேட்க வேண்டும்.

பாரசீகப் பகுதி மிகவும் தேய்ந்துள்ளது. அதைப் பெற்ற குழு தனக்குக் குறைவாகவே கிடைத்தது என்று முறையிடக்கூடும். அக்குழுவிடமே, படிக்க முடியாத வரிகளில் என்ன இருந்திருக்கலாம், மற்ற இரு பகுதிகளைக் கொண்டு எதுவரை ஊகிக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள்.