தண்ணி குடித்த எஞ்சின்

எஞ்சினுக்குள்ள தண்ணி போனால் கதை முடிஞ்சுது. மாரி வெள்ளத்துக்குள்ள நிண்டுபோன மோட்டார்சைக்கிளை வீடுவரை உருட்டிக்கொண்டு வந்த எவருக்கும் இதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. அதனால்தான், எஞ்சினுக்குள் வேண்டுமென்றே தண்ணி தெளித்து அதன் வலுவைக் கூட்டலாம் என்று முதலில் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ‘தண்ணியில் ஓடும் கார்’ என்று காலத்துக்குக் காலம் கிளம்புகிற புளுகுகளில் இதுவும் ஒன்று எண்டுதான் நினைச்சன்.

இது வேற கதை. இங்கே எரிவது பெற்றோல்தான். தண்ணிக்கு உள்ள ஒரே வேலை சூட்டை எடுப்பது.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடும். காற்றை நெருக்கினால் அது சூடேறும். எஞ்சினுக்குள் நடப்பதும் அதுதான். டேர்போ பூட்டினால், வெளியேறும் புகையின் வேகத்திலேயே அது சுழன்று இன்னும் நிறையக் காற்றைச் சிலிண்டருக்குள் திணிக்கும். காற்றுக் கூடினால் எரிக்கக்கூடிய பெற்றோலும் கூடும், வலுவும் கூடும். ஆனால் சூடு எல்லை மீறினால், பிளக் மூட்டிய தீ மூலைக்குப் போய்ச் சேருமுன் அங்கிருக்கிற கலவை தானாகவே வெடித்து எரியும். உலோகத்தில் தட்டுவதுபோல் ஒரு சத்தம் கேட்கும். இதைத்தான் நொக்கிங் என்கிறோம். தொடர்ந்தால் பிஸ்டனே உடையும். பெற்றோல் செட்டில் 92, 95 என்று பார்க்கிறோமே, அந்த ஒக்டேன் இலக்கம் பெற்றோல் எவ்வளவு தூரம் நொக்கிங்கைத் தாங்கும் என்பதற்கான அளவு.

ஒரு கிலோ தண்ணி ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,260 கிலோயூல் வெப்பத்தை எடுக்கும். அதேயளவு பெற்றோல் எடுப்பதைவிட இது ஏறக்குறைய ஆறு மடங்கு. ஆகவே மிகச் சிறிய துளிகளாகத் தெளித்தால் கலவை குளிரும், நொக்கிங் தள்ளிப்போகும். வெள்ளத்தில் எஞ்சின் உடைவது வேறு காரணத்தால். மொத்தமாக உள்ளே போன தண்ணியைப் பிஸ்டனால் நெருக்க முடியாது.

இதைப் பரிசோதித்தவர்களில் முக்கியமான இரண்டு பேர் ஆசிரியரும் மாணவரும். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பேர்ட்ராம் ஹொப்கின்சன், சிலிண்டருக்குள்ளேயே தண்ணி தெளித்து வாயு எஞ்சினைக் குளிரவைக்கும் முறையை 1913இல் வெளியிட்டார். அவரிடம் படித்த ஹரி ரிக்கார்டோ, பின்னர் காற்றைத் திணித்து ஓட்டும் சோதனை எஞ்சினில் அதைத் தொடர்ந்தார். முதலில் நொக்கிங் தொடங்கும்வரை காற்றழுத்தத்தைக் கூட்டுவார். பிறகு பெற்றோலைக் கூட்டி இன்னும் கொஞ்சம் அழுத்தம் ஏற்றுவார். அதுவும் எல்லைக்கு வந்ததும் தண்ணியைச் சேர்ப்பார். எஞ்சின் மேலும் தாங்கியது.

இரண்டாம் உலகப் போரில் இந்த அறிவு வானத்துக்கு ஏறியது. டேர்போ பூட்டிய அமெரிக்க பி-47 தண்டர்போல்ட் விமானத்தின் 2,000 குதிரைவலு எஞ்சின், தண்ணி தெளித்தபோது 2,300 அளவுக்குப் போனது. ஜேர்மனியர் பாதி தண்ணி, பாதி மெதனோல் கலந்த ‘எம்.டபிள்யூ 50’ என்ற திரவத்தைத் தங்கள் போர் விமானங்களில் பயன்படுத்தினார்கள். மெதனோல் கலந்தால் உயரத்துக் குளிரில் தண்ணி உறையாது. எல்லாமே சில நிமிடங்களுக்கான வலுதான். தாங்கியை நிரப்பவும் சரிபார்க்கவும் தரையில் ஒரு குழுவே இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கோ.

1962இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் இரண்டு டேர்போ கார்களை விற்பனைக்கு விட்டது. ஒன்று செவ்ரொலே கோர்வேயர். அதில் நொக்கிங்கைத் தவிர்க்க எஞ்சினின் அழுத்த விகிதத்தை 8க்கு இறக்கினார்கள். மற்றது ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர். அதன் பொறியியலாளர்கள் விகிதத்தை இறக்காமல் 10.25இலேயே வைத்தார்கள். பதிலுக்குத் தண்ணியும் மெதனோலும் கலந்த திரவத்தைத் தெளித்தார்கள். அதற்கு ‘டேர்போ ரொக்கெட் ஃபுளூயிட்’ என்று பெயரும் வைத்தார்கள். 3.5 லீற்றர் எஞ்சினில் 215 குதிரைவலு. கணக்கில் பிழையே இல்லை.

திரவம் முடிந்தால் என்ன நடக்கும் என்பதையும் யோசித்திருந்தார்கள். எச்சரிக்கை விளக்கு எரியும். ஒரு தடுப்பு மூடி டேர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும். எஞ்சின் உடையாது, காரின் வேகம் மட்டும் குறையும்.

ஆனால் காரை வாங்கியது சாதாரண சனம். பெற்றோல் அடிப்பார்கள், எப்பவாவது ஒயில் பார்ப்பார்கள். மூன்றாவதாக ஒரு திரவத்தையும் ஊற்றவேணும் எண்டது பலருக்குப் பழக்கமாகவே இல்லை. தாங்கி காய்ந்தது. காசு கொடுத்து வாங்கிய வேகத்தைக் காணவில்லை என்று முறைப்பாடுகள் வந்தன. இரண்டு வருடத்தில் 10,000 கார்கூட விற்காமல் ஜெட்ஃபயர் நின்றுபோனது. 1965இல் கொம்பனியே டேர்போவைக் கழற்றிவிட்டு, சாதாரண கார்பரேட்டரை இலவசமாகப் பூட்டித்தர முன்வந்தது.

இதை வாசிக்கும்போது காரோட்டிகளைக் குறை சொல்வது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விமானத்துக்குப் பின்னால் இருந்த அந்தத் தரைக் குழுவின் வேலையைக் கார் முழுவதும் ஒரு தனி ஆளின் தலையில் கட்டியது. எஞ்சினைச் சோதித்த அளவுக்கு, வேலைக்குப் போற அவசரத்தில் காரை எடுக்கிற ஆளைச் சோதிக்கவில்லை.

பிறகும் இந்த யோசனை சாகவில்லை. 80களின் தொடக்கத்தில் ஃபோர்மியூலா வன் டேர்போ எஞ்சின்களில் தண்ணி மறுபடி எட்டிப்பார்த்தது. பந்தயத்தில் தாங்கியை நிரப்ப ஆளுக்குப் பஞ்சமில்லை. 2016இல் பி.எம்.டபிள்யூ எம்4 ஜி.டி.எஸ் 5 லீற்றர் தண்ணித் தாங்கியோடு வீதிக்கு வந்தது. வலு 500 குதிரை. தண்ணி முடிந்தால் கணினி அழுத்தத்தை இறக்கிவிடும். ஜெட்ஃபயரின் அதே மூடி, இப்ப கணினிக்குள்ள. எண்டாலும் அது கொஞ்சப் பேருக்காகச் செய்த கார். வாங்கினவைக்குத் தாங்கியை நிரப்புறதே ஒரு சந்தோசமா இருந்திருக்கும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது, அதே கொம்பனி 2015இல் காட்டிய ஒரு பரிசோதனைக் கார். ஏசி ஓடும்போது காற்றின் ஈரம் தண்ணியாகி வடியும் அல்லவா? அதைச் சேர்த்து எஞ்சினுக்குத் தெளித்தார்கள். ஓட்டுகிறவர் எதையும் ஊற்றத் தேவையில்லை. எங்கட ஊர்ப் புழுக்கத்தில் ஏசி போட்டு நிற்கிற எந்தக் காருக்குக் கீழேயும் அந்தத் தண்ணி சொட்டுவதைப் பார்க்கலாம். ஜெட்ஃபயர்காரர் ஊற்ற மறந்தது, இஞ்ச றோட்டில வீணா ஓடிக்கொண்டிருக்கு.