இறுதிச் சொல் யாருடையது? ஐரிஷ், குரோஷியக் காதல் புதினங்களில் பெண்ணும் தேசமும்

அயலார் ஆட்சிக்கு உட்பட்ட நாடுகளின் காதல் புதினங்களில் நாயகியையே நாடாகக் காண்பது ஆய்வாளர்களிடையே நிலைபெற்றுவிட்ட வாசிப்பு. அது தவறன்று; ஆனால் போதுமானதன்று. கதையின் முடிவு யாருடைய சொல்லால் உறுதியாகிறது என்று கேட்கும்போதுதான், பெண் உருவகமாக உறைந்துபோகும் இடமும் அதை மீறும் இடமும் புலப்படுகின்றன. மூன்று புதினங்களைக் கொண்டு இக்கட்டுரை அதை நிறுவ முனைகிறது.

அயர்லாந்தை பிரிட்டனுடன் இணைத்த சட்டம் 1801இல் நடைமுறைக்கு வந்தது. சிட்னி ஓவன்சனின் ‘தி வைல்டு ஐரிஷ் கேர்ள்’ 1806இல் ‘ஒரு தேசியக் கதை’ என்ற துணைத்தலைப்புடன் வெளிவந்தது. நிலத்தைப் பறித்த ஆங்கிலக் குடும்பத்தின் மகன் ஹொரேஷியோ. பறிகொடுத்த ஐரிஷ் குலத்தின் மகள் குளோர்வினா. இடிந்த கோட்டையில் ஏறி அவளது யாழிசையை மறைந்து கேட்கும் ஹொரேஷியோ, தவறி விழுந்து அடிபடுகிறான். பின்னர் ஓவியன் என்று பொய் சொல்லி அங்கேயே தங்குகிறான். அவன் ஓவியம் கற்பிக்கிறான். அவள் ஐரிஷ் மொழி கற்பிக்கிறாள். அயர்லாந்தின் இசை, வரலாறு, தொன்மம் பற்றி அவளும் அவள் தந்தையும் பாதிரியாரும் பேசப்பேச, அவனுடைய இளக்காரம் கரைகிறது. இவ்வாறு புதினத்தின் பெரும்பகுதியில் அவளே ஆசிரியை. எனினும் அதை முடித்துவைப்பது ஹொரேஷியோவின் தந்தை எழுதும் கடிதம். திருமணத்தின் பொருளையும் அயர்லாந்தை ஆளும் முறையையும் அவரே வகுத்துரைக்கிறார். இணைப்புக்குக் காதலின் ஒப்புதலைத் தேடிய கதை, அந்த ஒப்புதலை அவள் வாயால் பெறவில்லை.

குரோஷியாவின் முதல் வரலாற்றுப் புதினமாகக் கருதப்படும் ஆகஸ்ட் ஷெனோவாவின் ‘பொற்கொல்லரின் பொன்’ (1871) இன்னும் கடுமையானது. 16ஆம் நூற்றாண்டு சாக்ரெப் நகரத்தாருக்கும் மெட்வெட்கிராட் கோட்டைப் பிரபுவுக்கும் இடையிலான பகையின் நடுவே, பொற்கொல்லர் மகள் தோராவும் அப்பிரபுவின் மகன் பாவலும் காதலிக்கின்றனர். தோரா நஞ்சூட்டிக் கொல்லப்படுகிறாள். நகரத்தாரின் மானத்துக்கு அவள் சின்னமாகிறாள். அந்த மானத்துக்கான போராட்டத்தில் அவளுக்கு இடமில்லை.

குரோஷிய எழுத்தாளர் மரியா யூரிச் ஸாகோர்கா இந்த மரபை உள்ளிருந்தே மாற்றினார். ஆயர் ஸ்ட்ரோஸ்மாயரின் ஆதரவுடன் 1896இல் ‘ஒப்ஸோர்’ நாளிதழில் சேர்ந்தவர். பெண் என்பதால் பிறர் கண்ணில் படாதபடி தனி அறையில் அமர்த்தப்பட்டவர். 1903இல் ஹங்கேரிய ஆதிக்கத்துக்கு எதிரான பெண்களின் ஆர்ப்பாட்டத்தை முன்னின்று நடத்திச் சிறை சென்றவர். 1912 முதல் செய்தித்தாள் தொடராக வெளிவந்த அவரது ‘கிரிச் சூனியக்காரி’ வரிசையின் களம், ஹாப்ஸ்பர்க் அரசி மரியா தெரேசா காலத்து சாக்ரெப். சூனியக் குற்றம் சாட்டப்பட்ட பெண்களுக்காகப் பரிந்து பேசும் சீமாட்டி நேரா, தானும் அதே குற்றச்சாட்டுக்கு ஆளாகிறாள். இங்கே பெண்களை எரிப்பவர்கள் அயலார் அல்லர். சொந்த நகரத்தின் நீதிமான்களே. தேசம் தன் பெண்களை எப்படி நடத்துகிறது என்ற கேள்வியைத் தேசப்பற்றாளரே எழுப்புவதில்தான் ஸாகோர்காவின் துணிவு இருக்கிறது.

நேராவும் பேரழகிதான், உயர்குடியினள்தான். அவளையும் காதலே வழிநடத்துகிறது. ஆகவே இது விடுதலைப் புனைவாகாது என்று மறுக்கலாம். ஆனால் அந்த வார்ப்புதான் அக்கேள்வியைப் பல்லாயிரம் வாசகர்களிடம் கொண்டுசேர்த்தது. ஸாகோர்காவின் எழுத்தை மலிவுச் சரக்கு என்று இலக்கிய உலகம் நெடுங்காலம் ஒதுக்கியது. அந்த ஒதுக்கலே, தேசத்தில் பெண்ணின் இடம் பற்றிய அவரது சிந்தனை ஆய்வுக்கு வராமல் தடுத்தது.

எனவே காதல் புதினத்தைத் தேசியத்தின் அலங்காரமாக மட்டும் வாசிப்பது முறையன்று. நாயகி எதன் சின்னம் என்ற கேள்வியோடு, எந்த இடத்தில் அவள் பேச்சு நிறுத்தப்படுகிறது, நிறுத்துபவர் யார் என்ற கேள்விகளையும் சேர்த்தே எழுப்ப வேண்டும். பெண்களுக்கு வாக்குரிமை இல்லாத காலத்தில், தேசத்தில் பெண்ணின் இடம் என்ன என்ற விவாதம் பொதுவெளியில் நடந்த களங்களுள் ஒன்று இந்தப் புதினங்களே.